படிக்காத நூலுக்குப் பொன்னாடை

நம் சமுதாயத்தில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மண்டபம் நிறைகிறது, கிராஅத் ஓதப்படுகிறது, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை என்று அழைப்பிதழில் அச்சிட்ட வரிசைப்படி பெரியோர் எழுந்து பேசுகின்றனர். முதற்படியைப் பெற்றுக்கொள்ளும் செல்வர், உறையிலிட்ட தொகையை நூலாசிரியரின் கையில் வைக்கிறார். புகைப்படம் எடுக்கப்படுகிறது. பொன்னாடை போர்த்தப்படுகிறது. பிரியாணியோடு விழா இனிதே நிறைவுறுகிறது. இவற்றில் எதையும் குறை கூற நாம் வரவில்லை. எழுத்தாளனைப் போற்றும் சமுதாயம் நல்ல சமுதாயமே. ஆனால் ஒரேயொரு கேள்வியைக் கேட்காமலிருக்க நம்மால் இயலவில்லை. அன்று மேடையில் அமர்ந்திருந்தவர்களுள் அந்த நூலை முதற்பக்கத்திலிருந்து இறுதிப்பக்கம் வரை படித்தவர் எத்தனை பேர்?

ஆய்வுரை நிகழ்த்த வந்தவர் அணிந்துரையைப் படித்துவிட்டு வந்திருப்பார். அணிந்துரை வழங்கியவர் பொருளடக்கத்தைப் படித்திருப்பார். வாழ்த்துரை சொல்பவருக்கு அதுவும் தேவையில்லை. நூலாசிரியரின் பாட்டனார் எந்த ஊர், என்ன வணிகம் செய்தார் என்பது தெரிந்தால் போதும். பேச எழும் ஒவ்வொருவரும், இறைமறையில் முதன்முதல் அருளப்பெற்ற சொல்லே ஓதுமாறு பணித்த சொல் என்பதை நமக்கு நினைவூட்டத் தவறுவதில்லை. அதை நினைவூட்டிவிட்டு, ஓதாத நூலைப் பற்றி அரைமணி நேரம் பேசுகின்றார்கள்!

‘ஒவ்வொரு முஸ்லிம் இல்லத்திலும் இருக்கவேண்டிய நூல்' என்னும் வாசகம் எத்தனை நூல்களுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இருக்கவேண்டிய நூலாம்! படிக்கவேண்டிய நூல் என்று சொல்ல நா எழுவதில்லை. பேசுகிறவரை அறியாமலே உண்மை வெளிப்பட்டுவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது, நாலு நல்ல வார்த்தை சொன்னால் நட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். நட்டம்தான். பெரியவர் ஒருவர் சொன்ன சொல்லை நம்பி ஒரு குடும்பத் தலைவர் அந்நூலை வாங்கிச் செல்கிறார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பத்துப் பிழை. பிறர் நூலிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதிகள். ஆண்டுக் கணக்கு ஓரிடத்தில் ஒன்று, மற்றோரிடத்தில் வேறொன்று. அவர் அடுத்த முறை நூல் வாங்குவாரா? அடுத்த முறை மெய்யாகவே நல்ல நூலொன்று வரும்போது, அதற்கும் அதே பெரியவர் அதே வாசகத்தைத்தான் சொல்லியிருப்பார். பித்தளைக்கும் பொன்னுக்கும் ஒரே முத்திரையைக் குத்தினால், நட்டப்படுவது பித்தளை அன்று.

இது நோயின் ஒரு முகம். மறுமுகம் இதனினும் கொடியது. அது படிக்காமலே பழிப்பது.

தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை மக்களின் வாழ்வைத் தமிழுக்குத் தந்த தோப்பில் முஹம்மது மீரானை எடுத்துக்கொள்வோம். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் நூலாக வந்தது, ‘சாய்வு நாற்காலி' 1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. விருது வந்தபோது நம்மவர் என்று மார்தட்டியவர்களும் உண்டு. சமுதாயத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டார் என்று சினந்தவர்களும் உண்டு. இரு சாராரிடமும் நாம் கேட்டுப் பார்த்ததுண்டு: எந்தக் கதையில், எந்த இடத்தில்? மார்தட்டியவரும் விழித்தார்; சினந்தவரும் விழித்தார். அந்நாவலைப் படித்து, ‘மேட்டுக்குடி முதலாளியின் கொடுமையைக் காட்டியது சரி, ஆனால் ஊரில் நல்லவர் ஒருவரும் இல்லையா' என்று ஒருவர் வாதிட்டால் அவரோடு நாம் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து பேசத் தயார். அவர் படித்தவர், அவருடைய கோபத்துக்கு முகவரி இருக்கிறது. முகவரியில்லாத கோபத்தோடு என்ன பேசுவது?

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-ல் வந்தபோதும் இதே காட்சிதான். புனைபெயரின் பின்னே நின்று எழுதத் தொடங்கிய ஒரு பெண், தம் ஊரின் மூடிய அறைகளுக்குள் நடப்பதை எழுதினார். அதில் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நிறைய உண்டு. வெளிப்படையான சில பகுதிகளை இளம் பிள்ளைகளின் கையில் கொடுக்க நாமே தயங்குவோம். ஆனால் தயங்குகிறோம் என்று சொல்வதற்கே முதலில் படித்தாக வேண்டுமே! ‘நம் வீட்டுக்குள் வரக்கூடாத நூல்' என்று தீர்ப்புச் சொன்ன பலர், அது எத்தனை பக்கம் என்பதைக்கூட அறியாதவர்கள்.

குறை சொன்னால் மனம் புண்படும், புறம் பேசியதாகிவிடும் என்று ஒரு சாக்கு நம்மிடையே வழங்குகிறது. அதைச் சொல்பவர்கள் தம் முன்னோரின் வரலாற்றை அறியாதவர்கள் என்றே கூறவேண்டும். நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகளைத் திரட்டிய பெருமக்கள், அவற்றை அறிவித்தவர் ஒவ்வொருவரையும் எடை போட்டார்கள். இவர் நம்பத்தக்கவர், இவர் நினைவாற்றல் குறைந்தவர், இவர் கலப்படம் செய்பவர் என்று பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். ‘ஜர்ஹு வ தஃதீல்' என்று அதற்கு ஒரு தனிக்கலையே வளர்ந்தது. இமாம் தஹபீ (இறப்பு 1348) அவர்களின் ‘மீஸானுல் இஃதிதால்' முழுவதும் இத்தகைய எடை போடுதல்தான், நூலின் பெயரிலேயே தராசு இருக்கிறது. இமாம் புகாரீயின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ, தம் தந்தையாரைப் பற்றி வினவப்பட்டபோது முதலில் தயங்கினார் என்றும், பின்னர் இது தீனின் காரியம் என்று கூறி, அறிவிப்பில் தந்தையார் பலவீனமானவர் என்று சொல்லிவிட்டார் என்றும் நூல்கள் பதிவு செய்கின்றன. பெற்ற தந்தையை! நாமோ, திருமண வீட்டில் நாளை முகம் பார்க்க வேண்டுமே என்று, தெரிந்தவர் எழுதிய கவிதைத் தொகுதியில் மூன்று எதுகைப் பிழைகளைச் சொல்ல அஞ்சுகிறோம்.

மதிப்பும் விமரிசனமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியாது என்பது இந்தக் காலத்து மயக்கம். இமாம் கஸ்ஸாலீ (இறப்பு 1111) அவர்களின் ‘இஹ்யாவு உலூமித்தீன்' போல முஸ்லிம் உலகில் போற்றப்பட்ட நூல் மிகச் சிலவே. அந்நூலில் எடுத்தாளப்பட்ட நபிமொழிகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து, இது வலுவானது, இது பலவீனமானது, இதற்கு மூலமே கிடைக்கவில்லை என்று ஸைனுத்தீன் அல் இராக்கீ (இறப்பு 1404) எழுதினார். அதனால் இஹ்யாவின் புகழ் குன்றியதா? இன்று அச்சாகும் இஹ்யாவின் பதிப்புகள் பலவற்றில் இராக்கீயின் குறிப்புகள் அடிக்குறிப்பாகவே உடன் வருகின்றன. குறை கண்டவரும் நூலோடு சேர்ந்தே வாழ்கிறார். அதே கஸ்ஸாலீ, தத்துவவாதிகளை மறுத்து ‘தஹாபுதுல் ஃபலாஸிஃபா' எழுதினார், இப்னு ருஷ்த் (இறப்பு 1198) அம்மறுப்பை மறுத்து ‘தஹாபுதுத் தஹாபுத்' எழுதினார். ஒரு நூலுக்கு இன்னொரு நூல் விடையாக வந்த காலம் அது. நம் காலத்தில் நூலுக்கு விடை பொன்னாடை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதை அறிந்தபோது நமக்கே வியப்பு மேலிட்டது. 12, 13ஆம் நூற்றாண்டுகளின் டமாஸ்கஸ் நகரில் ஒரு நூல் சபையில் வாசிக்கப்பட்டால், கேட்டவர்களின் பெயர்களை அந்தச் சுவடியிலேயே எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. ‘ஸமாஉ' என்பது அப்பதிவின் பெயர். வாசித்தவர் யார், எந்த இடம், எந்த நாள், உடனிருந்தவர் யார் யார் என்பதெல்லாம் அதில் வரும். ஆலிம்கள் மட்டுமல்லர், கைத்தொழிலாளர், பெண்கள், சிறு பிள்ளைகளின் பெயர்களும் அவற்றில் காணப்படுகின்றன. சுவையான செய்தி என்னவெனில், தாமதமாக வந்து ஒரு பகுதியைக் கேட்கத் தவறியவர் பெயரை எழுதும்போது, இன்ன பகுதி இவருக்குத் தவறியது என்றும் குறித்துவிடுவார்கள். முழுவதும் கேட்டவருக்குத்தான் முழு உரிமை. இத்தகைய பதிவேடு ஒன்றை நம் வெளியீட்டு விழாக்களில் வைத்தால் எத்தனை பெயர் தேறும் என்று நினைத்துப் பார்க்கவே கூசுகிறது.

தொலைவில் போவானேன்? தமிழிலும் அரங்கேற்றம் என்ற ஒன்று இருந்தது. புலவன் பாடுவான், அவையோர் தடை எழுப்புவர், அவன் விடை கூறுவான், அதன் பின்னரே நூல் நூலாகும். வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா' 1572-ல் மதுரையில் அரங்கேறியது. வினா விடையாகவே அமைந்த அந்நூல், வினாத் தொடுக்கும் அவையின் முன்னே வந்தது பொருத்தமே. சாற்றுகவி வாங்கி நூலின் முகப்பில் அச்சிட்டுக்கொள்ளும் வழக்கம் பின்னர் பெருகிற்று. இன்றைய வாழ்த்துரைக்கு அதுதான் மூதாதை போலும். ஆயினும் சாற்றுகவி பாட யாப்பாவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். விழா மேடையைவிட நமக்குக் கவலை தருவது இதுதான்.

மூன்று தலைமுறைக்கு முன் நம் கரையோர ஊர்களில் படிப்பு என்பது தனியே நடந்த செயல் அன்று. இரவு வேலை ஓய்ந்தபின், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு பெண்மணி விளக்கருகே அமர்ந்து அரபுத் தமிழில் அச்சான மாலையையோ கிஸ்ஸாவையோ இராகத்தோடு படிப்பார். அண்டை வீட்டுப் பெண்கள் குழுமுவர். ‘நூறு மசலா'வின் புதிர் ஒன்றுக்கு விடை வருமுன்னரே ஒருத்தி விடை சொல்வாள், இன்னொருத்தி மறுப்பாள். ‘விறகு வெட்டியார் கதை'யைக் கேட்டுவிட்டு அவனுடைய மனைவி செய்தது சரியா என்று மறுநாள் கிணற்றடியிலும் பேச்சு ஓடும். நூலைப் பற்றிக் கருத்துப் பரிமாறல் என்று நாம் இன்று பெரிதாகச் சொல்வதை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்த உம்மும்மாக்கள் பேரில்லாமலே செய்துகொண்டிருந்தார்கள். தக்கலையில் பீர் முஹம்மது அப்பாவின் ‘ஞானப் புகழ்ச்சி' ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் இரவு முழுவதும் பலர் கூடிப் பாடப்படுவது அந்த உலகத்தின் எச்சம்.

இன்று எல்லாருக்கும் எழுத்துத் தெரியும். பட்டம் பெற்ற மருமகள் இல்லாத வீடு அரிது. ஆனால் ஒரு கூரையின் கீழ் வாழும் நால்வரில், மற்ற மூவரும் இப்போது என்ன படிக்கிறார்கள் என்பதை அறிந்தவர் உண்டா? வாப்பாவின் மேசையில் ஒரு நூல் இரண்டாண்டாகக் கவிழ்ந்து கிடக்கிறது; எங்கே நிறுத்தினார் என்று எவரும் கேட்டதில்லை. உம்மா வார இதழ்த் தொடர்கதையை அடுப்பங்கரையில் படித்துவிட்டு, யாரேனும் வந்தால் மடித்து வைத்துவிடுகிறார். கல்லூரி செல்லும் மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த நாவலுக்குச் செய்தித்தாளில் உறையிடுகிறாள். உறையிடுவது நூல் அழுக்காகாமல் இருப்பதற்காக மட்டுமா? மகனோ, கைப்பேசியில் வந்த நீண்ட கட்டுரையைத் தானும் படிக்காமல் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு, ‘அவசியம் படிக்கவும்' என்று எழுதுகிறான். மேடையில் பெரியவர் செய்வதைத்தானே அவனும் செய்கிறான்? அவனை மட்டும் கடிந்து என்ன பயன்?

நாகூரின் சித்தி ஜுனைதா பேகம், ‘காதலா? கடமையா?' என்னும் நாவலை 1938-ல் வெளியிட்டார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்த அப்பெண்மணியின் நூலுக்கு முன்னுரை தந்தவர் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர். நம் பெண்கள் எழுதவில்லை, படிக்கவில்லை என்று பிறர் சொன்னால் நாம் உடனே இந்தப் பெயரைச் சொல்லி வாயடைக்கிறோம். சரி, அந்த நாவலில் காதல் வென்றதா, கடமை வென்றதா? வாயடைத்த நம்மவருள் இதற்கு விடை தெரிந்தவர் கைதூக்கட்டும்.

சீறாப்புராணத்துக்கும் இதே கதிதான். உமறுப்புலவர் நம் பெருமை, 5027 விருத்தங்கள், மூன்று காண்டங்கள் என்று எண்ணிக்கையெல்லாம் நமக்கு மனப்பாடம். ‘நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடிய காப்பியம்' என்று ஒரு பேச்சாளர் முழங்குவதை அண்மையிலும் கேட்டோம். முழுவதையும் அது பாடவில்லை! ஹிஜ்றத்துக் காண்டத்தில், உறனிக் கூட்டத்தார் படலத்தோடு சீறா நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பாடி நிறைவு செய்யவே பனீ அகுமது மரைக்காயரின் ‘சின்ன சீறா' பிறந்தது. காப்பியத்தின் கடைசி ஏட்டைப் புரட்டிய எவருக்கும் இது தெரியும். 1842-ல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் சுவடிகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றியது, நாம் கடைசி ஏட்டைப் புரட்டாமல் பெருமை பேசுவதற்காகவா?

கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) சீறாவுக்கு உரை கண்டவர். நூறு செய்திகளை ஒரே நேரத்தில் கவனித்த அவருடைய நினைவாற்றலைப் போற்றுகிறோம், உரையைப் பிரிப்பதில்லை. அவரைப் பற்றி நாம் மறந்துவிட்ட வேறொன்றும் உண்டு. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவ உலகம் இரண்டுபட்டு நின்றபோது, பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறி வாதிட்டார். ஒரு முஸ்லிம் புலவர், பிற சமயத்தார் நூலைக் கசடறப் படித்து, அவர்களுடைய அவையிலேயே தம் கருத்தைச் சொல்ல, அவர்களும் அதைக் கேட்டார்கள். படித்தவன் சொல்லுக்கு அந்த மதிப்பு இருந்தது. நம் வீட்டு அலமாரி நூலைப் பற்றியே சொல்ல ஒன்றுமில்லாத நாம், பிறர் அவையில் எதைச் சொல்லப் போகிறோம்?

கருத்துச் சொல்லுதல் என்றால் ‘அருமை', ‘அபாரம்' என்பதல்ல. சித்திலெவ்வை மரைக்காரின் ‘அசன்பே சரித்திர'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1885-ல் வந்தது, இலங்கையிலிருந்து வந்த முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது. அதை நாம் எப்படிப் பரிந்துரைப்போம் என்றால், இப்படித்தான்: எகிப்தில் உயர்குடியில் பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் பிள்ளையின் கதை. தற்செயல் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. இத்தனையும் நடக்குமா என்று இன்றைய வாசகர் புருவம் நெரிப்பார். பாத்திரங்கள் நல்லவர், தீயவர் என்று இரண்டாகப் பிளந்து நிற்கிறார்கள். ஆயினும் தமிழில் நாவல் என்னும் வடிவமே நடை பழகிய நாளில், கண்டியில் இருந்த ஒருவர் காயிறு நகரத்தையும் பம்பாயையும் ஒரே கதையில் கோத்த துணிவு மகிழ்ச்சி தருகிறது. கடற்பயணமும் வீரச்செயலும் விரும்பும் பதினைந்து வயதுப் பையனுக்குக் கொடுக்கலாம். குடும்பக் கதை விரும்பும் அவனுடைய உம்மாவுக்கு இது சுவைக்காது. இவ்வளவுதான். இதில் யார் மனம் புண்பட்டது? இதைக் கேட்டவர் நூலை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஏமாறமாட்டார்.

யாருக்கு எந்த நூல் என்று அறிந்து சொல்வதும் ஓர் அமானிதமே. நோயாளியின் நாடி பாராமல் மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்போமா? ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு ‘நல்ல நூல்' என்று பெயர் எழுதி அறுநூறு பக்க ஆய்வேட்டைப் பரிசளித்து, வாசிப்பின் மேலேயே வெறுப்பை உண்டாக்கிய விழாக்களை நாம் கண்டிருக்கிறோம்.

நேரமில்லை, நூல் கிடைப்பதில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்னும் முறையீடுகளை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்த நாளிலிருந்து, நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. காசைக் கட்டிவிட்டு நூலை எடுக்காமல் இருப்பவர் நாம்தாம். பழைய நூல்கள் அச்சில் இல்லை என்பதும் அரை உண்மை. ஆயிரம் படி அச்சிட்டால்தான் கட்டுப்படியாகும் என்ற காலம் போய்விட்டது. இன்று நூறு, இருநூறு படிகள் அச்சிடவும் வழியுண்டு. ஓர் ஊரில் இருபது குடும்பங்கள் ஒரு நூலைப் பற்றிப் பேசினால், அது வேண்டும் என்று கேட்டால், பதிப்பாளர் காது கொடுப்பார். பேச்சே இல்லாத நூலை அவர் எதை நம்பி அச்சிடுவார்? நம் முன்னோரின் எத்தனை மாலைகளும் கிஸ்ஸாக்களும் பரணில் செல்லரித்துப் போயின! பகைவர் எவரும் வந்து எரிக்கவில்லை. ‘இதில் என்ன இருக்கிறது' என்று வீட்டில் ஒருவரும் கேட்காததால் அவை அழிந்தன.

வெளியீட்டு விழா நடத்தும் அன்பர்களுக்கு நம்முடைய வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன், பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் முன்னதாக நூலை அனுப்புங்கள். தமக்குப் பிடித்த ஒரு பக்கத்தையும் பிடிக்காத ஒரு பக்கத்தையும் எண்ணோடு எழுதி அனுப்புமாறு கேளுங்கள். எழுதி அனுப்பியவர் பெயரை மட்டும் அழைப்பிதழில் போடுங்கள்; அவர் பள்ளி மாணவியாக இருந்தாலும் சரியே. மேடையில் நாற்காலிகள் வெகுவாகக் குறையும். சிறிய மண்டபமே போதுமானதாகிவிடும். மிச்சமாகும் வாடகையில் அந்நூலின் படிகள் சிலவற்றை வாங்கி ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்.